முட்டையின் வெண்கருவும் பறவைகளின் குலமுறையும்

கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸிலும் அதை அடுத்த சாம்பியன் ரீஃப், நந்திதுர்க்கம் முதலிய சுரங்கங்களிலும் வேலை நடந்த காலத்தில், பாதாளத்திலிருந்து மேலே வந்த வெள்ளைக்கல்லைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, இதில் இத்தனை பொன் உண்டு என்று மதிப்புச் சொல்லும் வழக்கம் கிடையாது. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் மினுக்கம் பல வேளைகளில் கந்தகம் சேர்ந்த இரும்பாக இருக்கும். மெய்யான பொன்னோ, ஒரு டன் கல்லுக்குச் சில கிராம் என்ற கணக்கில், பார்வைக்கு எட்டாத துகளாய் மறைந்து கிடக்கும். ஆகையால் கல்லைப் பொடித்து, மிருதாரசிங்கியும் வெங்காரமும் சோடாவும் கூட்டி மூசையிலிட்டு உருக்கி, அடியில் திரண்ட ஈயக்கட்டியை எலும்புச் சாம்பலாலான சிறு கிண்ணத்தில் வைத்துக் காய்ச்சி, ஈயமெல்லாம் கிண்ணத்துக்குள் இறங்கிப் போனபின் எஞ்சும் மணியிலிருந்து வெள்ளியை நைட்ரிக் அமிலத்தால் கரைத்து நீக்கி, கடைசியில் நிற்கும் பொன்னை நுண்தராசில் நிறுத்த பிறகே அஸ்ஸே ஆபீஸ் தன் தீர்ப்பை எழுதும். அதுபோலவே பறவைகளை இனம் பிரிக்கும் சாஸ்திரமும், அலகையும் காலையும் இறகின் நிறத்தையும் மட்டும் நம்பியிருந்த தன் பழைய வழக்கத்தை விட்டு, பட்சியின் தேகத்திலுள்ள பொருள்களையே சோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பரீட்சிக்கத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது.

உருவத்தை நம்பினால் வரும் மோசத்தை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. தங்கவயலின் பழைய கட்டடங்களைச் சுற்றி மாலை வேளையில் வட்டமிடும் உழவாரனையும், பேத்தமங்கலம் ஏரியின் நீர்ப்பரப்பை உரசினாற்போல் பறந்து பூச்சி பிடிக்கும் தகைவிலானையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றே சத்தியம் செய்வார். நீண்டு வளைந்த சிறகு, அகன்று திறக்கும் வாய், பறந்துகொண்டே இரை கொள்ளும் பழக்கம் ஆகிய எல்லாம் ஒத்திருந்தும், தகைவிலான் பாடும் பட்சிகளின் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. உழவாரனுக்கோ நெருங்கிய உறவு அமெரிக்கக் கண்டங்களில் பூத்தேன் உண்டு வாழும் ரீங்காரச் சிட்டு. ஆகாயத்தில் பூச்சி பிடித்து ஜீவிக்க வேண்டியிருக்கும் எந்தப் பட்சிக்கும் அந்தத் தொழிலே ஒரு வடிவத்தைக் கொடுத்துவிடுகிறது. பிழைப்பின் நிர்ப்பந்தம் உடலின் மேற்பரப்பை வெகு சீக்கிரத்தில் மாற்றிவிட வல்லதென்பதால், அந்த நிர்ப்பந்தம் எளிதில் எட்டாத ஏதோ ஓர் அந்தரங்கப் பொருளில் குலத்தின் அடையாளம் தங்கியிருக்கக் கூடும் என்று அறிஞர்கள் அநுமானித்தார்கள்.

அந்த அநுமானத்தை முதன்முதலில் பெரிய அளவில் செயலாக்கியவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஜார்ஜ் நட்டால். ஒரு பிராணியின் இரத்த நீரை முயலுக்குச் செலுத்தினால் முயலின் உடலில் அதற்கு எதிரான பொருள் உண்டாகிறது. அப்படிப் பதப்பட்ட முயலின் இரத்த நீரை வேறு பிராணிகளின் இரத்த நீரோடு கலந்தால், நெருங்கிய உறவாயின் அடர்ந்த வீழ்படிவும், தூரத்து உறவாயின் மெல்லிய கலங்கலும் தோன்றும். பறவைகள் உட்பட நூற்றுக்கணக்கான உயிர்களின் இரத்தத்தை இவ்விதம் ஒப்பிட்டு அவர் 1904-இல் ஒரு நூலாக வெளியிட்டார். கலங்கலின் அடர்த்தியைக் கொண்டு உறவை அளப்பது நுட்பமான அளவையாகாது என்றாலும், இரத்த சம்பந்தம் என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதைக் கண்ணாடிக் குழாயில் பிரத்தியட்சமாகக் காட்டிய பெருமை அவருடையதே.

இதன்பின் வந்தவர்களில் தலைசிறந்தவர் அமெரிக்கரான சார்லஸ் சிப்லி. கார்னெல் சர்வகலாசாலையிலும் பிறகு யேலிலும் பணியாற்றிய அவர் தேர்ந்துகொண்ட பொருள், யாரும் பொருட்படுத்தாத முட்டையின் வெண்கரு. அதில் பெரும்பகுதி நீர். மீதியில் ஓவல்புமின், கோனல்புமின், ஓவோமியூக்காய்டு, லைசோசைம் முதலிய புரதங்கள் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் தன் அளவுக்கும் மின்னேற்றத்துக்கும் ஏற்ற வேகத்தில் மின்புலத்தில் நகரும் இயல்புடையன. ஸ்வீடன் தேசத்து ஆர்னே டிசேலியஸ் செம்மைப்படுத்தி 1948-இல் நோபல் பரிசு பெற்ற எலக்ட்ரோபோரஸிஸ் என்னும் இந்த முறையின்படி, வெண்கருவின் ஒரு துளியை ஈரக் காகிதத்தின் ஓரத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், சற்று நேரத்தில் புரதங்கள் ஒன்றை ஒன்று விட்டுப் பிரிந்து நிற்கும். சாயம் ஏற்றியவுடன் பட்டை பட்டையாகத் தெரியும். கோழிக்கு ஒரு வரிசை, புறாவுக்கு ஒரு வரிசை, கொக்குக்கு ஒரு வரிசை.

வெண்கருவைத் தேர்ந்ததில் ஒரு விவேகம் இருந்தது. இரத்தத்தின் சேர்க்கை பட்சியின் வயது, ஆரோக்கியம், பருவம், உண்ட உணவு ஆகியவற்றால் மாறக்கூடியது. வெண்கருவோ தாய்ப்பறவையின் கருக்குழாயில் ஒரே விதமாகச் சுரப்பது. தவிர, பறவையைக் கொல்லாமலே ஒரு கூட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்தால் போதும். 1960-இல் இங்கிலாந்தின் ஐபிஸ் என்னும் பட்சி சாஸ்திரப் பத்திரிகையில் அவர் தம் முடிவுகளை வெளியிட்டபோது, பட்டைகளைப் பார்த்துக் குலம் சொல்வதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. உலகெங்கிலுமிருந்து முட்டைகளைத் திரட்டும் ஆர்வத்தில் அவர் சட்டத்தின் எல்லையைத் தாண்டியதும், அதற்காக 1970-களில் அமெரிக்க அரசாங்கத்துக்கு அபராதம் செலுத்த நேர்ந்ததும் அவருடைய சரித்திரத்தில் ஒரு கறை. அதைவிடப் பெரிய குறை முறையிலேயே இருந்தது: இரண்டு புரதங்கள் ஒரே வேகத்தில் நகர்ந்தன என்பதனாலேயே அவை ஒரே புரதம் ஆகிவிடா. ஓர் இனத்தை அதன் நெருங்கிய சுற்றத்தோடு சேர்க்க வெண்கரு பெரிதும் உதவியது; பெரும் வரிசைகளுக்குள் எது எதற்கு மூத்தது என்னும் கேள்விக்கு வந்ததும் அது தடுமாறியது.

வெண்கருவுக்கு அடுத்தபடி சொல்லத் தக்கது நிறப்பொருள். நம் மரப்பொந்துகளில் கூச்சலிடும் பச்சைக்கிளியின் மூக்கும் கழுத்துப் பட்டியும் சிவந்திருப்பதைப் பார்த்து, மற்றப் பறவைகளைப் போலவே இதுவும் பழத்திலிருந்து பெற்ற சிவப்பு என்று நினைப்பது இயல்பு. பூநாரையின் இளஞ்சிவப்பும் மாங்குயிலின் மஞ்சளும் அப்படி உணவின் வழியாக வந்த கரோட்டினாய்டுகளே. தகுந்த இரை கிடைக்காமல் கூண்டில் அடைபட்ட பூநாரை வெளுத்துப் போவதும் அதனால்தான். கிளி அவ்விதமல்ல. இறகுகளுக்குச் சிவப்பும் மஞ்சளும் தரும் சிட்டகோஃபல்வின் என்னும் நிறப்பொருளை அது தன் உடலிலேயே தயாரித்துக்கொள்கிறது. கிளிக் குலம் தவிர வேறெந்தப் பறவையின் இறகிலும் அது காணப்படுவதில்லை. ஆப்பிரிக்காவில் வாழும் துராக்கோ என்னும் பட்சியின் சிறகுச் சிவப்பில் செம்பு கலந்திருப்பதை ஆர்தர் சர்ச் என்ற ஆங்கில இரசாயனி 1869-இலேயே கண்டுபிடித்தார். அந்தச் செப்புச் சிவப்பும் அக்குலத்துக்கே உரிய முத்திரை. இவ்வளவு தெளிவான முத்திரைகள் இயற்கையில் அபூர்வம் என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும்.

வாலின் அடியில், முதுகுப்புறத்தில், பெரும்பாலான பறவைகளுக்கு ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அலகால் அதை அழுத்தி, வரும் பசையை இறகெல்லாம் பூசிக்கொள்ளும் காட்சியை எந்த ஏரிக்கரையிலும் காணலாம். ஜெர்மனியில் யூர்கன் யாக்கோப் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அந்தப் பசையிலுள்ள மெழுகுகளை வாயு நிறப்பிரிகை முறையால் பிரித்து, எந்தக் கொழுப்பமிலம் எந்த ஆல்கஹாலோடு சேர்ந்திருக்கிறது, அதன் கரிச் சங்கிலியில் கிளை எந்த இடத்தில் புறப்படுகிறது என்பனவற்றையெல்லாம் கணக்கெடுத்து, பறவைக் குலங்களை அதன்படி ஒப்பிட்டார்கள். சுரப்பியே இல்லாத குலங்களும் உண்டு. நெருப்புக்கோழியும், ஒரு காலத்தில் தக்காணத்துப் புல்வெளிகளில் நடமாடி இன்று பெரும்பாலும் ராஜஸ்தானத்தில் மட்டும் எஞ்சியிருக்கும் கானமயிலும் அவ்வகையின. மெழுகின் சாட்சியம் மிகவும் நயமானது. ஆனால் அது பருவத்துக்குப் பருவம் மாறுகிறது என்பது 1990-களின் கடைசியில் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்களால் வெளிப்பட்டது. பனிக்காலத்தில் நம் நீர்நிலைகளுக்கு வரும் வளைமூக்கு உள்ளானின் இனத்துப் பறவைகள், வடதுருவத்துக்கு அருகே தரையில் முட்டையிட்டு அடைகாக்கும் நாட்களில், வழக்கமான மெழுகை நிறுத்திவிட்டு எளிதில் ஆவியாகாத கனத்த மெழுகைச் சுரக்கின்றன. மோப்பம் பிடித்து வரும் நரியை ஏமாற்றும் உபாயம் இது என்று ஊகித்து, பழக்கிய நாயைக் கொண்டு சோதித்தபோது, கனத்த மெழுகைக் கண்டுபிடிக்க அந்த நாய் அதிகம் திணறியது. ஆகவே, எந்த மாதத்தில் எடுத்த மெழுகு, அடைகாத்த பறவையினதா அல்லவா என்று கேளாமல் அதைக் கொண்டு குலம் சொல்பவர் ஒரே பட்சியை இரண்டு இனமாக எழுதிவிடக் கூடும்.

உருவத்தை வளைக்கும் அதே நிர்ப்பந்தம் புரதத்தையும் வளைக்கும் என்பதே இந்த ஆராய்ச்சியில் என்னை மிகவும் ஆச்சரியப்படுத்திய செய்தி. மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து கர்நாடகத்து ஏரிகளுக்கும் நம் கூந்தன்குளத்துக்கும் வரும் பட்டைத்தலை வாத்தின் ஹீமோகுளோபினில், 141 அமினோ அமிலங்கள் கோத்த ஆல்ஃபா சங்கிலியின் 119-ஆம் இடத்தில், அதன் சமவெளிச் சுற்றத்தாருக்குப் புரோலின் இருக்க, இதற்கு மட்டும் அலனின் இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்தால் பிராணவாயுவை அது இறுகப் பற்றிக்கொள்கிறது. காற்று மெலிந்த உயரத்திலும் மூச்சுத் திணறாமல் பறக்கிறது. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைமேல் வாழும் வேறொரு வாத்தினமும் இதே பலனைப் பெற்றிருக்கிறது. அங்கே மாறியிருப்பது பீட்டா சங்கிலியின் 55-ஆம் இடம், அதாவது முன்சொன்ன இடத்தோடு நேரே தொட்டுக்கொண்டிருக்கும் இடம்.

லைசோசைமின் கதை இன்னும் விபரீதமானது. நாம் வெண்கருவில் கண்ட அதே புரத வகைதான். கிருமிகளின் சுவரைக் கரைப்பது அதன் தொழில். இலை தின்னும் மாடும், நம் கோயில் கோபுரங்களில் தாவும் அனுமன் குரங்கும் வயிற்றில் கிருமிகளை வளர்த்து இலையைப் புளிக்க வைத்து, பிறகு அந்தக் கிருமிகளையே லைசோசைமால் சிதைத்துச் சத்தை எடுத்துக்கொள்கின்றன. ஒன்றுக்கொன்று தூரமான இந்த இரண்டு பிராணிகளின் வயிற்று லைசோசைமும் அமில நீரில் வேலை செய்வதற்காக ஒரே விதமான மாற்றங்களை அடைந்திருப்பதை ஆலன் வில்சனின் குழுவினர் 1987-இல் காட்டினார்கள். 1994-இல் அவர்கள் தென் அமெரிக்காவின் ஹோட்சின் என்னும் இலைதின்னிப் பட்சியையும் ஆராய்ந்து, அதன் லைசோசைம் வேறொரு கிளையிலிருந்து புறப்பட்டு வந்தும், மாட்டுக்கும் குரங்குக்கும் நேர்ந்த மாற்றங்களில் சிலவற்றையே தானும் அடைந்திருக்கக் கண்டார்கள். அந்த மாற்றங்களை மட்டும் வைத்துக் குலமுறை எழுதியிருந்தால், ஒரு பறவையைப் பசுவுக்குத் தாயாதியாக்கியிருக்க வேண்டும்!

புரதங்கள் இப்படி ஏமாற்றக் கூடுமென்றால் புரதங்களை எழுதி வைத்திருக்கும் டி.என்.ஏ.வையே முழுவதுமாக ஒப்பிட்டுவிடலாமே என்று சிப்லி எண்ணினார். ஜான் ஆல்குவிஸ்ட் என்பவரோடு சேர்ந்து அவர் கையாண்ட முறை எளிய தத்துவத்தின்மேல் நிற்பது. சூடேற்றினால் டி.என்.ஏ.வின் இரட்டை இழை பிரியும். இரண்டு இனங்களின் ஒற்றை இழைகளைக் கலந்து ஆறவிட்டால், ஒத்த இடங்களில் ஒன்றோடொன்று பிணைந்து கலப்பு இழையாகும். மறுபடி மெல்ல மெல்லச் சூடேற்றுகையில், நெருங்கிய உறவானால் பிணைப்பு விடுவதற்கு மிகுந்த வெப்பம் வேண்டும். தூரத்து உறவானால் குறைந்த வெப்பத்திலேயே விட்டுப்போகும். ஒரு டிகிரி வித்தியாசம் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு எழுத்து வித்தியாசத்துக்குச் சமம். சுமார் 1,700 இனங்களை இவ்வாறு காய்ச்சி அளந்து அவர்கள் 1990-இல் வெளியிட்ட பெருநூல், பறவை உலகத்தின் ஜாதகத்தையே திருத்தி எழுதியது. ஆஸ்திரேலியாவின் பாடும் பட்சிகள் பல, ஐரோப்பியப் பட்சிகளின் சாயலை உடையனவாயினும், தம்முள் தாமே கிளைத்த தனிக் குலத்தைச் சேர்ந்தவை என்ற கண்டுபிடிப்பு அந்நூலின் நிலைத்த வெற்றி. அமெரிக்கக் கண்டத்துப் பிணந்தின்னிப் பாறுகளை நாரைகளின் குடும்பத்தில் சேர்த்தது அதன் பெரும் பிழை. எழுத்துக்களை ஒவ்வொன்றாக வாசிக்கும் முறை கைகூடியபின், அவை பருந்து, கழுகுகளின் பக்கமே திரும்பி வந்து சேர்ந்தன. அந்தக் காலத்தில் டி.என்.ஏ. சொன்னால் அதற்கு மேல் முறையீடு இல்லை என்று பேசிய சிலரின் இறுமாப்பு, அருங்காட்சியகத்து எலும்பையும் தோலையும் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த மூத்த பட்சி நிபுணர்களைப் புண்படுத்தியது. அந்த மூத்தவர்களில் பலர் சொன்னது பிறகு சரியாகவும் இருந்தது.

ஆயினும் எழுத்து வாசிப்பு கொண்டுவந்த சில முடிவுகள் எந்தக் கண்ணும் கண்டிராதவை. பூநாரையைக் கொக்கு வகையில் சேர்ப்பதா, வாத்து வகையில் சேர்ப்பதா என்று நூறாண்டுக்கு மேல் வழக்கு நடந்தது. கால் நாரையை ஒத்தது, அலகின் சல்லடையும் குரலும் வாத்தை ஒத்தன, இறகில் ஒட்டும் பேன்கூட வாத்துப் பேனின் இனம். 2001-இல் வெளியான ஆராய்ச்சி இரண்டு கட்சிகளையும் தள்ளிவிட்டு, பூநாரையின் மிக நெருங்கிய உறவு முக்குளிப்பான் என்று காட்டியது. ஒரு சாண் உயரம், வாலே இல்லாதது போன்ற உடல், ஆளைக் கண்டதும் முங்கி வேறொரு மூலையில் தலைநீட்டும் அந்தச் சிறு பட்சியைப் பேத்தமங்கலத்திலும் நம் ஊர்க் குளங்கள் அனைத்திலும் காணலாம். கோடிக்கரையின் உப்பளங்களில் சிவப்புத் தோரணம் போல் நிற்கும் பூநாரையின் சகோதரம் அது என்பதை முதலில் அநேகர் நம்பவில்லை. 2014-இல் 48 இனங்களின் முழு மரபுத் தொகுதியையும் ஒப்பிட்ட சர்வதேசக் குழு அதை உறுதி செய்தது. அதே ஆராய்ச்சியின்படி, பாறை உச்சியிலிருந்து பாய்ந்து இரை பற்றும் இராஜாளி, பருந்தைவிடப் பச்சைக்கிளிக்கே நெருக்கமான உறவு.

நம் பக்கத்து மலைகளுக்கு வருவோம். சென்னைப் படையில் வைத்தியராக இருந்த டி. சி. ஜெர்டன், 1840-களில் தென்னிந்தியப் பறவைகளை விவரித்து எழுதியவர்களில் முதன்மையானவர். கோலாரைச் சுற்றியுள்ள மொட்டைப் பாறைக் குன்றுகளில் புதருக்குள் ஒளிந்து வாழும் மஞ்சள் தொண்டைச் சின்னானுக்கும், நீலகிரிச் சோலைகளில் தரையோரம் குதித்துத் திரியும் நீலநிறச் சிறு பட்சி ஒன்றுக்கும் சாஸ்திரப் பெயர் சூட்டியவர் அவரே. அந்த நீலப் பட்சி எந்தக் குலம் என்பதில் அவருக்குப் பின் வந்தவர்கள் ஒத்துப்போகவில்லை. இமயத்திலும் கிழக்காசியாவிலும் உள்ள வெவ்வேறு பேரினங்களில் அதை மாற்றி மாற்றிச் சேர்த்தார்கள். பெங்களூரில் உமா ராமகிருஷ்ணன், வி. வி. ராபின் முதலியோர் வலையில் அகப்பட்ட பட்சிகளின் சிறகு நரம்பிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துவிட்டு அவற்றைப் பறக்கவிட்டு, அந்தச் சொட்டிலிருந்த மரபுப்பொருளை வாசித்து 2017-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். அது ஈப்பிடிப்பான்களின் பக்கத்து உறவு. ஆனாலும் முன்பு வைத்த எந்தப் பேரினத்திலும் அடங்காது. சோலிகோலா என்னும் புதிய பேரினம் அதற்காக வகுக்கப்பட்டது. மேற்கு மலையின் சிரிப்பான்களுக்கு மொன்டெசின்க்லா என்று மற்றொன்று. பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் இடையிட்டுப் பிரித்ததால், ஒவ்வொரு மலைத்தொகுதியின் பட்சியும் பல லட்சம் ஆண்டுகளாகத் தனித்தே வளர்ந்திருக்கிறது. அகத்தியமலைப் பகுதியில் வாழும் நீலப் பட்சி அதுவரை பெயரே இல்லாத தனி இனமாக நிலைபெற்றது.

பெயர் பிரிப்பது அறிஞர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் பாறுகளின் கதையைக் கேட்க வேண்டும். 1990-களில் இந்தியாவில் பிணந்தின்னிப் பாறுகள் காரணம் புலப்படாமல் மடியத் தொடங்கி, வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் அழிந்தது. பாகிஸ்தானில் இறந்த பாறுகளின் சிறுநீரகத் திசுவைச் சோதித்தவர்கள், சிறுநீரகம் பழுதாகி இறந்த எல்லாவற்றிலும் டைக்ளோஃபெனாக் என்னும் வலிநிவாரணி தங்கியிருப்பதையும், வேறு காரணத்தால் இறந்தவற்றில் அது இல்லாததையும் 2004-இல் அறிவித்தார்கள். மாட்டுக்குக் கொடுத்த மருந்து பிணத்தின் வழியே பறவையைக் கொன்றிருந்தது. இந்திய அரசாங்கம் 2006-இல் கால்நடை உபயோகத்துக்கு அம்மருந்தைத் தடை செய்தது. இதற்கிடையில், ஒரே இனமென்று எண்ணியிருந்த நீண்ட அலகுப் பாறு உண்மையில் இரண்டு இனம் என்று 2001-இல் பமீலா ராஸ்முஸனும் எஸ். ஜே. பாரியும் எலும்பையும் தோற்றத்தையும் கொண்டு வாதித்திருந்தார்கள், 2006-இல் டி.என்.ஏ. ஒப்பீடு அதை உறுதிப்படுத்தியது. ஒன்று தீபகற்பத்தின் செங்குத்துப் பாறைகளில் கூடு கட்டுவது. ஷோலே படத்தால் பெயர்பெற்று, 2012-இல் பாறுகளுக்கென்றே சரணாலயமாக்கப்பட்ட ராமநகரத்துக் குன்றுகளில் இருப்பது அதுவே. மற்றொன்று இமய அடிவாரத்திலும் அஸ்ஸாமிலும் மரங்களில் கூடு கட்டும் மெல்லலகுப் பாறு. ஏற்கெனவே வெகுவாகச் சுருங்கிவிட்ட எண்ணிக்கையை இரண்டாகப் பங்கிட வேண்டியதாயிற்று. அஸ்ஸாமில் ராணி, வங்காளத்தில் ராஜாபாத்காவா, ஹரியானாவில் பிஞ்சோர் ஆகிய இடங்களின் வளர்ப்பு நிலையங்களில் மெல்லலகுப் பாறு தனியினமாகவே கணக்கிடப்பட்டு, தன் இனத்து இணையோடு மட்டுமே சேர்க்கப்படுகிறது.